சிக்ஸ்த் ஃபார்ம்ல ஃபிலிம் ஸ்டடீஸ் எடுக்கலாமா, எடுத்தா எப்படிப் படிக்கணும்

இயர் 11 படிக்கிற பிள்ளை வீட்ல வந்து "ஏ-லெவலுக்கு ஃபிலிம் ஸ்டடீஸ் எடுக்கப்போறேன்"னு சொன்னா, ஹாரோ, ஈஸ்ட் ஹாம், டூட்டிங்னு லண்டன்ல எந்தப் பக்கத்துத் தமிழ் வீடா இருந்தாலும் முதல்ல வர்ற கேள்வி "படம் பாக்குறதுக்கு ஒரு பாடமா?"ங்கிறது தான். நியாயமான கேள்வி தான், அதுக்குப் பதில் பிள்ளைக்கும் தெரியணும் பெத்தவங்களுக்கும் தெரியணும். பதில் தெரியாம எடுக்கிற பிள்ளைங்க கிறிஸ்மஸ் லீவுக்குள்ளயே திணறிடுறாங்க, பதில் தெரியாம வேணாம்னு சொல்ற வீடுகள்ல நல்லா எழுதக்கூடிய பிள்ளைக்கு ரொம்பப் பொருத்தமான ஒரு பாடம் கை நழுவிப் போயிடுது. நான் சிக்ஸ்த் ஃபார்ம்ல, அதாவது ஏ-லெவல் படிக்கிற இயர் 12, 13ல, இந்தப் பாடம் நடத்துற ஆள், அதனால கொஞ்சம் விவரமாவே சொல்றேன்.

முதல்ல ஒரு விஷயத்தை மனசுல வச்சுக்கோங்க. இது எழுத்துப் பாடம். இங்கிலாந்துல ஏ-லெவல் ஃபிலிம் ஸ்டடீஸை எடுகாஸ், ஓசிஆர்னு ரெண்டு பரீட்சை போர்டு நடத்துது, நிறைய இடத்துல எடுகாஸ் தான், அதை வச்சே பேசுவோம். 2017ல வந்த அந்தப் பாடத்திட்டத்துல இயர் 13 கடைசியில ரெண்டு பரீட்சை, ஒவ்வொண்ணும் ரெண்டரை மணி நேரம், ஒவ்வொண்ணுக்கும் 35 சதவீதம். மீதி 30 சதவீதம் தான் நீங்களே படம் எடுக்கிறது, இல்லன்னா திரைக்கதை எழுதுறது, அதுலயும் ஒரு பங்கு கட்டுரைக்குப் போயிடும். ஆக மொத்த மார்க்ல முக்கால்வாசிக்கு மேல எழுதி வாங்குறது. கேமரா மேல ஆசை, ஆனா இங்கிலீஷ் கட்டுரைன்னாலே வெறுப்புன்னு இருக்கிற பிள்ளைக்கு பிடெக் (BTEC, இந்தியாவோட பி.டெக் இல்ல) கிரியேட்டிவ் மீடியா மாதிரி செய்முறை அதிகம் இருக்கிற கோர்ஸ் தான் சரியா வரும். மீடியா ஸ்டடீஸ் வேற, அதுல பேப்பர், விளம்பரம், கேம், சோஷியல் மீடியா எல்லாம் வரும், சினிமா அதுல ஒரு மூலையில தான் இருக்கும். இயர் 11 கடைசியில எழுதுற ஜிசிஎஸ்இல ஃபிலிம் படிச்சிருக்கணும்னு பொதுவா யாரும் கேக்க மாட்டாங்க, இங்கிலீஷ்ல குறைஞ்சது கிரேடு 5 வேணும்னு தான் கேப்பாங்க.

என்ன படிக்கிறீங்கன்னா, மொத்தம் 11 படம். 1930ல இருந்து 1990 வரைக்குமான ஹாலிவுட்ல பழைய காலத்துது ஒண்ணு, 1960க்கு அப்புறம் வந்தது ஒண்ணு, ரெண்டையும் ஒப்பிட்டு எழுதணும். 2005க்கு அப்புறம் வந்த அமெரிக்கப் படம் ரெண்டு, ஒண்ணு பெரிய ஸ்டூடியோ படம், இன்னொண்ணு சின்ன பட்ஜெட் இண்டிபெண்டன்ட் படம். 1995க்கு அப்புறமான பிரிட்டிஷ் படம் ரெண்டு. இது முதல் பேப்பர். ரெண்டாவது பேப்பர்ல உலக சினிமா ரெண்டு, ஒண்ணு ஐரோப்பா, இன்னொண்ணு வெளிய, கூட ஒரு டாக்குமெண்டரி, ஒரு மௌனப்படம், வழக்கமா கதை சொல்ற முறையை உடைக்கிற ஒரு எக்ஸ்பெரிமெண்டல் படம். சில இடத்துல ஒரு படத்துக்குப் பதிலா ரெண்டு மூணு சின்னப் படம் சேர்ந்து வரும். போர்டு குடுக்கிற பட்டியல்ல இருந்து எதை நடத்துறதுன்னு டீச்சர் தான் முடிவு பண்ணுவாங்க, பட்டியலும் அப்பப்ப மாறும், அதனால நெட்ல பழைய நோட்ஸ் கிடைச்சா நீங்க பரீட்சை எழுதப்போற வருஷத்துக்கு அந்தப் படம் இருக்கான்னு முதல்ல போர்டு தளத்துல பாத்துக்கோங்க.

தமிழ்ப் பிள்ளைங்க கவனிக்க வேண்டிய ஒண்ணு, 2017 பட்டியல்ல ஐரோப்பாவுக்கு வெளிய இருக்கிற படங்கள்ல மணிரத்னத்தோட 'தில் சே' இருந்துச்சு, நம்ம வீடுகள்ல 'உயிரே'ன்னு தமிழ் டப்பிங்ல பாத்த அதே 1998 படம். அதை வச்சுத் தான் கீழ ஒரு காட்சியை எப்படிப் படிக்கிறதுன்னு காட்டப்போறேன்.

ஓப்பன் ஈவினிங்ல கேக்க வேண்டியது

பொதுவா இலையுதிர் காலத்துல தான் ஓப்பன் ஈவினிங் வரும், பிள்ளையும் பெத்தவங்களும் சேர்ந்தே போங்க. எந்த போர்டு, எந்தெந்தப் படம் நடத்துறீங்கன்னு நேராவே கேளுங்க, கையில பட்டியல் குடுக்கிற டிபார்ட்மெண்ட் நல்ல டிபார்ட்மெண்ட். 15 வயசுக்கு மேல தான் பாக்கலாம்னு சான்றிதழ் வாங்கின படங்கள் நிறைய வரும், 18 சான்றிதழ் படமும் பட்டியல்ல உண்டு, வன்முறையும் படுக்கையறைக் காட்சியும் இருக்கும். இதை அப்புறம் தெரிஞ்சுக்கிட்டு அதிர்ச்சி ஆகுறதை விட அங்கயே கேட்டுக்கிறது நல்லது, டீச்சருங்க இதுக்கு ஒண்ணும் நினைச்சுக்க மாட்டாங்க. அப்புறம் கேமரா, மைக், ட்ரைபாட் எல்லாம் வீட்டுக்குக் குடுத்து விடுவாங்களா, எடிட்டிங் எந்த சாஃப்ட்வேர்ல, கிளாஸ்ல எத்தனை பேர், எழுதுற கட்டுரையைத் திருத்தி எத்தனை நாள்ல திருப்பித் தருவாங்க, இதையும் கேளுங்க. கடைசிக் கேள்வி தான் என்னைக் கேட்டா முக்கியம், ஏன்னா இந்தப் பாடத்துல மார்க் ஏறுறது திருத்தின கட்டுரையை மறுபடி எழுதுறதுல தான்.

கூட என்ன பாடம் எடுக்கிறதுன்னா, இங்கிலீஷ் லிட்ரேச்சர், ஹிஸ்டரி, சோஷியாலஜி, பாலிடிக்ஸ், ஏதாவது ஒரு மொழி, இதுங்க எல்லாம் நல்லா ஒட்டும், ஒண்ணுல படிச்சது இன்னொண்ணுல உதவும். டாக்டருக்குப் படிக்கணும்னு இருக்கிற பிள்ளை கெமிஸ்ட்ரி பயாலஜியோட மூணாவதா ஃபிலிம் எடுக்கலாமான்னு ரொம்பப் பேர் கேக்குறாங்க. மூணாவது பாடம் எதுவா இருந்தாலும் சரிங்கிற மெடிக்கல் ஸ்கூல்கள் இருக்கு, மேத்ஸோ இன்னொரு சயின்ஸோ கேக்குறதும் இருக்கு, நீங்க குறி வைக்கிற நாலு இடத்தோட கோர்ஸ் பக்கத்தைத் திறந்து பாத்துட்டு முடிவு பண்ணுங்க, சொந்தக்காரங்க சொல்றதை வச்சு முடிவு பண்ணாதீங்க. யுனிவர்சிட்டிக்கு விண்ணப்பிக்கும்போது கணக்குல வர்ற யூகாஸ் பாயிண்ட்ல எந்தக் குறையும் கிடையாது, ஃபிலிம்ல ஏ வாங்கினாலும் ஃபிசிக்ஸ்ல ஏ வாங்கினாலும் 48 தான். முன்னாடி ரஸ்ஸல் குரூப்னு ஒண்ணா சேந்திருக்கிற பெரிய ஆராய்ச்சி யுனிவர்சிட்டிங்க குறிப்பிட்ட சில பாடங்களை மட்டும் தூக்கிப் பிடிச்சு ஒரு பட்டியல் வச்சிருந்தாங்க, அதை 2019லயே எடுத்துட்டாங்க, ஆனா நம்ம ஆளுங்க வாய்ல அந்தப் பட்டியல் இன்னும் சுத்திக்கிட்டு இருக்கு.

படத்தை எப்படிப் பாக்கிறது

முதல் தடவை நிறுத்தாம பாருங்க. ஃபோன் வேற ரூம்ல இருக்கட்டும், நோட்டு வேணாம், பேனா வேணாம். படம் முடிஞ்ச உடனே பத்து நிமிஷம் உக்காந்து எங்க பயந்தேன், எங்க சலிச்சேன், யார் பக்கம் நின்னேன், எங்க பக்கம் மாறினேன்னு எழுதி வைங்க. இது டைரி எழுதுறதுக்காக இல்ல, ஸ்பெக்டேட்டர்ஷிப்னு ஒரு பகுதியே இருக்கு, படம் பாக்குறவனை எப்படி ஒரு பக்கம் சாய வைக்குதுன்னு கேப்பாங்க, ரெண்டாவது தடவை பாத்தப்புறம் அந்த முதல் உணர்ச்சி திரும்பக் கிடைக்காது.

ரெண்டாவது தடவை தான் நிறுத்தி நிறுத்தி. முழுப் படத்தையும் அப்படிப் பாக்க முடியாது, தேவையும் இல்ல. ஒரு படத்துக்கு மூணு காட்சி, அதிகபட்சம் நாலு, ஒவ்வொண்ணும் மூணு நாலு நிமிஷத்துக்குள்ள, ஆரம்பத்துல ஒண்ணு, கடைசியில ஒண்ணு, நடுவுல படம் திரும்புற இடத்துல ஒண்ணு. அந்தக் காட்சிங்களைக் கண்ணை மூடிட்டு ஷாட் ஷாட்டா சொல்ற அளவுக்குத் தெரிஞ்சு வச்சுக்கணும். ஒரு தடவை சத்தத்தை முழுசா அணைச்சுட்டுப் பாருங்க, அப்ப தான் கேமரா எங்க நிக்குது, எப்ப வெட்டுறாங்கன்னு தெரியும். இன்னொரு தடவை ஸ்கிரீனைத் திருப்பி வச்சுட்டு சத்தம் மட்டும் கேளுங்க. நம்ம வீட்டுப் பிள்ளைங்களுக்கு இதுல காது நல்லாவே இருக்கு, பாட்டும் பின்னணி இசையும் கதையைத் தூக்கிட்டுப் போற படங்களைப் பாத்து வளர்ந்தவங்க, ஆனா இசையை மட்டும் கேட்டு மத்த சத்தத்தை விட்டுடுவாங்க, காத்து, காலடி, தூரத்துல ரயில், திடீர்னு வர்ற அமைதி இதையும் குறிச்சுக்கோங்க.

குறிக்க வேண்டியது அஞ்சு விஷயம், கேமராவும் வெளிச்சமும், ஃப்ரேமுக்குள்ள வச்சிருக்கிற பொருள் உடை இடம் எல்லாம் சேர்ந்த மிஸான்சேன், எடிட்டிங், சத்தம், நடிப்பு. நடிப்பை நிறைய பேர் மறந்துடுறாங்க. ஒரு நடிகர் கண்ணைத் தாழ்த்துற நேரம், நடக்கிற விதம், பக்கத்து ஆள்கிட்ட எவ்வளவு தள்ளி நிக்கிறார், எல்லாமே எழுதக்கூடிய ஆதாரம்.

இப்ப 'தில் சே' ஆரம்பத்தை எடுத்துக்கோங்க. ராத்திரி, காத்தும் மழையுமா ஒரு ஸ்டேஷன், ஷாருக் கான் செய்யற அமர் ரயிலுக்காகக் காத்திருக்கான், எதிர்ல போர்வையைப் போத்திக்கிட்டு ஒரு உருவம், ஆம்பளைன்னு நினைச்சு நெருப்பு கேக்குறான், காத்துல போர்வை பறக்குது, அது ஒரு பொண்ணு, மனீஷா கொய்ராலா. பேச்சுக் குடுத்துப் பாக்குறான், அவ டீ கேக்குறா, இவன் டீ வாங்கிட்டு வர்றதுக்குள்ள ரயில் அவளை ஏத்திக்கிட்டுக் கிளம்பிடுது, இவன் மழையில நிக்கிறான்.

கிளாஸ்ல இதுக்கு முதல்ல வர்ற வரி எப்பவும் "இருட்டும் மழையும் மர்மத்தை உண்டாக்குது"ன்னு தான் இருக்கும். தப்பில்ல, ஆனா எந்தப் படத்து மழைக்கும் எழுதக்கூடிய வரி அது. அடுத்த படி, இந்தக் காட்சியில யாருக்கு என்ன தெரியும்னு கேளுங்க. நாம அமர் கூடவே இருக்கோம், அவனுக்குத் தெரிஞ்சது தான் நமக்கும் தெரியும், அந்தப் பொண்ணைப் பத்தி ஒண்ணும் தெரியாது, அவ யாரு, எங்க போறா, ஏன் பேச மாட்டேங்குறான்னு படம் சொல்லல. போர்வை அவளை அவன்கிட்ட இருந்தும் மறைக்குது நம்மகிட்ட இருந்தும் மறைக்குது, அதை விலக்குறது அவ கை கூட இல்ல, காத்து. அதுக்கடுத்த படி கான்டெக்ஸ்ட், அதாவது படத்துக்குப் பின்னால இருக்கிற வரலாறும் சூழலும். அமர் ஆல் இந்தியா ரேடியோக்காரன், அரசாங்கத்தோட குரல் அவன், சுதந்திரத்துக்கு ஐம்பது வருஷம் ஆனதைப் பத்தி ஜனங்ககிட்ட மைக்கை நீட்டிப் பேட்டி எடுக்கிறவன். அவளோ வடகிழக்குல இருந்து வர்றவ, ஆயுதம் ஏந்தின குழுவைச் சேர்ந்தவ, இது நமக்குப் பின்னாடி தான் தெரியும். டெல்லியோட குரல் ஓயாம பேசுது, ஓரத்துல இருக்கிற பொண்ணு வாயைத் திறக்கல. இப்ப இந்த மூணையும் சேத்து ஒரு பத்தியா எழுதுங்க, மழைன்னு ஆரம்பிச்ச வரி நாட்டைப் பத்தின வாதமா போய் நிக்கும், ஐடியாலஜி, அதாவது படம் உலகத்தைப் பத்தி எந்தக் கருத்தை வைக்குதுன்னு பரீட்சையில கேக்குறது இதைத் தான்.

அடுத்து வர்ற ரயில் மேல ஆடுற பாட்டுக்கும் இதே வேலை செய்யலாம். நீலகிரி மலை ரயில்ல எடுத்தது, கேமரா சந்தோஷ் சிவன், இசை ஏ.ஆர். ரகுமான், நடனம் ஃபரா கான். கதை வடகிழக்குல நடக்கும்போது ஊட்டி ரயில் எப்படி வந்துச்சு, அந்தப் பொண்ணு காணாமப் போன உடனே ஏன் இவ்வளவு வெயிலும் சந்தோஷமும்? பாட்டு கதையை நிறுத்துதா, இல்ல அமரோட மனசுக்குள்ள நம்மளைக் கூட்டிட்டுப் போகுதா? வெள்ளைக்காரப் பிள்ளைங்க இந்த இடத்துல கொஞ்சம் குழம்புவாங்க, உங்களுக்குப் பாட்டு வர்றது பழக்கம், அந்தப் பழக்கத்தையே ஒரு அறிவா மாத்திக் கட்டுரையில வைங்க. "எங்க படங்கள்ல பாட்டு வரும்"னு எழுதிட்டு விட்டா மார்க் இல்ல, பாட்டு என்ன வேலை செய்யுதுன்னு எழுதணும்.

மௌனப்படம்னா பிள்ளைங்க முகம் சுருங்கும், ரெண்டு வாரத்துல அதுவே ரொம்பப் பிடிச்ச பகுதியா மாறிடும். அமெரிக்கக் காமெடி நடிகர், டைரக்டர் பஸ்டர் கீட்டனோட 1920ல வந்த 'ஒன் வீக்' பட்டியல்ல இருக்கிற குறும்படங்கள்ல ஒண்ணு. புதுசா கல்யாணம் ஆன ஜோடி, பெட்டியில வந்த பலகைங்களை வச்சு வீடு கட்டுறாங்க, கோணல்மாணலா வருது. கடைசியில அந்த வீட்டை இழுத்துட்டுப் போகும்போது தண்டவாளத்துல மாட்டிக்குது, ரயில் வருது, ரெண்டு பேரும் கண்ணை மூடிக்கிறாங்க, ரயில் பக்கத்துத் தண்டவாளத்துல போயிடுது. அப்பாடான்னு மூச்சு விடும்போது எதிர்ப்பக்கத்துல இருந்து இன்னொரு ரயில் வந்து வீட்டைத் தூள் தூளாக்கிடுது. இதை ஏன் இவ்வளவு தூரத்துல இருந்து, வெட்டாம காட்டினாங்கன்னு யோசிங்க. முதல் ரயில் எந்தத் தண்டவாளத்துல வருதுன்னு அந்தக் கோணத்துல இருந்து நமக்குத் தெரியாது, சிரிப்பு அதுல தான் இருக்கு, நிஜ ரயில் நிஜ வீட்டை இடிச்சதுக்கு அந்த ஒரே ஷாட் தான் சாட்சி. பிரெஞ்சு சினிமா விமர்சகர் ஆந்த்ரே பஸான் எழுப்பின விவாதம், அதாவது நிஜத்தை வெட்டாம காட்டுற சினிமாவா, எடிட்டிங்காலயும் அலங்காரத்தாலயும் அர்த்தம் உண்டாக்குற சினிமாவாங்கிறது, இந்தப் பகுதிக்குப் படிக்க வேண்டிய விவாதம். தியரியை மனப்பாடம் பண்ணி எழுதினா செத்துப் போன வரியா இருக்கும், இந்த ரயில் ஷாட்டோட கட்டி எழுதினா உயிர் வரும்.

கான்டெக்ஸ்டும் அப்படித் தான். ஸ்பைக் லீயோட 1989 படம் 'டூ த ரைட் திங்' நடத்துற ஸ்கூல் உண்டு. நிறைய கட்டுரைங்க அமெரிக்க இனவெறி வரலாறுன்னு அரைப் பக்கம் எழுதிட்டு அப்புறம் படத்துக்கு வரும், அந்த அரைப் பக்கத்துக்கு ஒண்ணும் கிடைக்காது. படத்தோட உச்சக்கட்டத்துல கூட்டம் "ஹோவர்ட் பீச்"னு கத்துது, 1986ல நியூயார்க்ல அந்த இடத்துல வெள்ளைக்காரக் கும்பல் துரத்தி மைக்கேல் கிரிஃபித்ங்கிற கறுப்பின இளைஞர் கார்ல அடிபட்டு செத்துப் போனார், படத்தைச் சமர்ப்பணம் பண்ணினதுலயும் அவர் குடும்பம் இருக்கு. இப்படி ஸ்கிரீன்ல கேக்குற ஒரு சத்தத்துல இருந்து வரலாத்துக்குப் போங்க, அங்க இருந்து திரும்ப ஸ்கிரீனுக்கே வாங்க.

பரீட்சை

கணக்கு சுலபம். முதல் பேப்பர் 120 மார்க், மூணு கட்டுரை, ஒரு கட்டுரைக்கு 40, அதாவது ஒவ்வொண்ணுக்கும் 50 நிமிஷம். ரெண்டாவது பேப்பர் 100 மார்க், உலக சினிமாவுக்கு 40, மத்த மூணுக்கும் தலா 20, அதனால முதல்ல ஒரு மணி நேரம், அப்புறம் மூணு அரை மணி நேரம். பிடிச்ச படத்துக்கு முக்கால் மணி நேரம் கூடுதலா எழுதிட்டுக் கடைசிக் கேள்வியைப் பாதியில விடுற பிள்ளைங்க வருஷா வருஷம் இருக்காங்க, நல்லாப் படிச்ச பிள்ளைங்க தான் இதுல மாட்டுறது. ஜனவரில இருந்தே வாரத்துக்கு ஒரு கட்டுரை, டைம் வச்சு, கையால எழுதுங்க, லேப்டாப்ல தட்டிப் பழகினா மே மாசம் கை ஒத்துழைக்காது.

கதையைச் சொல்லாதீங்க, திருத்துறவங்க அந்தப் படத்தைப் பாத்தவங்க. ஒவ்வொரு பத்தியிலயும் கேள்விக்கு நேரான ஒரு வாதம், அதுக்கு ஒரு குறிப்பிட்ட ஷாட், அந்த ஷாட்ல என்ன நடக்குது, அது பாக்குறவங்களை என்ன பண்ணுது. வசனம் மனப்பாடம் பண்றதுக்குச் செலவழிக்கிற நேரத்துல ஃப்ரேமை மனப்பாடம் பண்ணுங்க. சின்ன அட்டையில காட்சிக்கு ஒண்ணா எழுதி, டியூப்ல போகும்போது பாருங்க, பின்பக்கம் அந்தக் காட்சியை எந்தெந்தக் கேள்விக்குப் பயன்படுத்தலாம்னு எழுதுங்க, ஒரே காட்சி நரேட்டிவுக்கும் (கதை சொல்ற விதம்) வரும் ஐடியாலஜிக்கும் வரும்.

நீங்க எடுக்கிற படம்

ரெண்டு வழி இருக்கு. நாலுல இருந்து அஞ்சு நிமிஷத்துல ஒரு குறும்படம் எடுக்கலாம், இல்லன்னா 1600ல இருந்து 1800 வார்த்தையில குறும்படத் திரைக்கதை எழுதி, அதுல ஒரு பகுதிக்கு ஃபோட்டோ எடுத்து ஸ்டோரிபோர்டு பண்ணலாம். எதை எடுத்தாலும் கூடவே 1600-1800 வார்த்தையில ஒரு மதிப்பீட்டுக் கட்டுரை எழுதணும், நீங்க பாடத்துல பாத்த குறும்படங்களோட உங்க வேலையை ஒப்பிட்டு. மொத்தம் 60 மார்க், 40 படைப்புக்கு, 20 கட்டுரைக்கு. நண்பர்கள் நடிக்கலாம், ஆனா வேலை உங்களோடது, குரூப்பா மார்க் கிடையாது. கூச்ச சுபாவம் உள்ள பிள்ளை, ஆளுங்களைக் கூட்டி வேலை வாங்க முடியாத பிள்ளை, திரைக்கதை வழியை எடுக்கிறதுல எந்தக் குறைச்சலும் இல்ல, நல்லா எழுதறவங்களுக்கு அது தான் மார்க்கு.

அஞ்சு நிமிஷத்துக்கு ஒரு இடம், ரெண்டு ஆள், ஒரு முடிவு, இது போதும். முகமூடி போட்ட கொலைகாரன், கடைசியில எல்லாம் கனவு, துப்பாக்கி, போதைப்பொருள் டீல், இதை எல்லாம் விட்டுடுங்க. பொம்மைத் துப்பாக்கியை வெளிய எடுத்துட்டுப் போனா நிஜமாவே போலீஸ் வரும், விளையாட்டு இல்ல. உங்களுக்குத் தெரிஞ்ச இடத்துல எடுங்க. அப்பாவோட கடையில சாயங்காலம் ஷட்டர் இறக்குற நேரம், பாட்டியும் பேத்தியும் ஆஸ்பத்திரி வெயிட்டிங் ரூம்ல உக்காந்திருக்கிறப்ப பேத்தி டாக்டர் சொன்னதை மொழிபெயர்க்கும்போது ஒரு வரியை மட்டும் சொல்லாம விடுறது, இந்த மாதிரி. மொழிபெயர்ப்புக் காட்சியை யோசிச்சுப் பாருங்க, டாக்டர் முகம் காட்டவே வேணாம், குரல் மட்டும் ஃப்ரேமுக்கு வெளிய, பேத்தி வாயைத் திறந்து நிறுத்துற அந்த ரெண்டு செகண்ட் க்ளோசப், பாட்டி கை பையை இறுக்கிப் பிடிக்குது. வசனம் அஞ்சு வரி கூட வேணாம். ஆஸ்பத்திரியில எடுக்க அனுமதி கிடைக்காது, ஸ்கூல் காரிடார்ல நாலு நாற்காலியும் ஒரு நோட்டீஸும் போதும்.

எக்ஸ்பெரிமெண்டல் பகுதியில பெல்ஜியம் டைரக்டர் ஷாண்டால் ஆகர்மான் 1968ல எடுத்த 'சோத் மா வில்' வருது, 13 நிமிஷம், ஒரு சமையலறை, ஒரே ஒரு பொண்ணு, அது அவங்களே. எடுக்கும்போது அவங்களுக்கு 18 வயசு. கேமரா இல்ல, இடம் இல்ல, ஆள் இல்லன்னு சொல்ற பிள்ளைங்களுக்கு இதைத் தான் முதல்ல போட்டுக் காட்டுவேன்.

படம் ஃபோன்லயே நல்லா வரும், கெட்டுப்போறது சத்தத்துல. மைக்கை ஆள்கிட்ட கொண்டு போங்க, சமையலறையில எடுத்தா ஃப்ரிட்ஜை அணைச்சுட்டு எடுங்க (முடிச்சதும் மறக்காம போடுங்க), ஒவ்வொரு இடத்துலயும் யாரும் பேசாம ஒரு நிமிஷம் அந்த ரூம் சத்தத்தை மட்டும் பதிவு பண்ணுங்க, எடிட்ல வெட்டு தெரியாம ஒட்ட அது வேணும். டாவின்சி ரிசால்வ்ங்கிற எடிட்டிங் சாஃப்ட்வேர் இலவசமாவே கிடைக்குது, பழைய லேப்டாப்ல கொஞ்சம் திணறும், ஸ்கூல் கம்ப்யூட்டர்ல பண்ணுங்க. ஃபுட்டேஜை ரெண்டு இடத்துல வைங்க. கட்டுரைக்கு, எடுக்கிற நாள்லயே ஏன் இந்த ஷாட்டை இப்படி வச்சேன்னு ரெண்டு வரி ஃபோன்ல குறிச்சுக்கோங்க, மூணு மாசம் கழிச்சு ஞாபகம் வராது.

ஸ்கூலுக்கு வெளிய

லண்டன்ல இருக்கிறவங்களுக்கு வாட்டர்லூ பாலத்துக்குக் கீழ பிரிட்டிஷ் ஃபிலிம் இன்ஸ்டிட்யூட்டோட (பிஎஃப்ஐ) தியேட்டர், பிஎஃப்ஐ சவுத்பேங்க், இருக்கு, 25 வயசு வரைக்கும் டிக்கெட்ல நல்ல சலுகை, மௌனப்படத்தைப் பெரிய ஸ்கிரீன்ல ஒரு தடவையாவது பாத்துடுங்க. அங்கயே ரூபன் லைப்ரரி இருக்கு, சினிமா புத்தகங்களை உக்காந்து படிக்கலாம், காசு கிடையாது. 16 வயசுக்கு மேல பிஎஃப்ஐ ஃபிலிம் அகாடமி கோர்ஸுங்க நாட்டுல பல ஊர்ல நடக்குது, லண்டன்ல இல்லாதவங்களும் விண்ணப்பிக்கலாம்.

அப்புறம் யுனிவர்சிட்டி. கிங்ஸ் காலேஜ் லண்டன், வாரிக், ஈஸ்ட் ஆங்கிலியா, கென்ட், இங்க எல்லாம் ஃபிலிம் டிகிரி இருக்கு, ஏ-லெவல் ஃபிலிம் படிச்சவங்க அதே தான் படிக்கணும்னும் இல்ல, லா, இங்கிலீஷ், ஹிஸ்டரி, ஜர்னலிசம்னு போறவங்க நிறைய. பெத்தவங்க "இதை வச்சு என்ன வேலை"ன்னு கேட்டா, மூணு நிமிஷக் காட்சியில இருந்து ஆதாரம் எடுத்து ஒரு வாதத்தை ஒரு மணி நேரத்துக்குள்ள எழுதி முடிக்கிற பிள்ளை, அந்தத் திறமையை எந்த ஆபீஸுக்கும் கொண்டு போகலாம்னு சொல்லுங்க. பிள்ளை எழுதின ஒரு கட்டுரையை அவங்ககிட்ட வாசிச்சுக் காட்டினா இன்னும் நல்லது, நான் பாத்த வரைக்கும் ரொம்ப வீடுகள்ல பேச்சு அதுக்கப்புறம் மாறியிருக்கு.

ஆகஸ்ட்ல ஜிசிஎஸ்இ ரிசல்ட் வந்து என்ரோல்மெண்ட்டுக்குப் போகும்போது, பாடம் மாத்துறதுக்குக் கடைசித் தேதி என்னன்னு கேட்டு வச்சுக்கோங்க, பெரும்பாலும் செப்டம்பர்ல சில வாரம் விடுவாங்க. அந்த வாரங்களுக்குள்ள ஒரு கட்டுரையாவது எழுதி டீச்சர்கிட்ட குடுத்துத் திருத்தி வாங்கிடுங்க, பாடம் நமக்குச் சரியா வருமான்னு அதுல தெரிஞ்சுடும், மாத்தணும்னா மாத்த நேரமும் இருக்கும்.